கொஞ்சந்தானே

விருந்துக்குப் போன வீட்டில், இலையில் விழுந்த பண்டத்தைப் பார்த்து, "இதில் என்ன சேர்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்பது மரியாதைதானா? இதை அற்பக் கேள்வி என்று ஒதுக்கிவிடாதீர்கள். சமைத்துப் போடுகிறவளிடம் நன்றாயிருக்கிறது என்று சொல்லலாம். இன்னும் கொஞ்சம் என்று கையை நீட்டலாம். உறவின் நெருக்கத்தைப் பொறுத்து, உப்பு ஒரு கல் குறைவு என்றுகூடச் சொல்லிவிடலாம். ஆனால் வாயில் வைப்பதற்கு முன்பே, என்ன சேர்த்தாய் என்று கேட்டால், கேட்கிறவன் எந்த மனத்தோடு கேட்டாலும் அது சந்தேகமாகத்தான் காதில் விழுகிறது.

என் தங்கை மகளுக்கு இந்தக் கேள்வியைக் கேட்காமல் வெளியிடத்தில் ஒரு வாய்ச் சோறு கிடையாது. மக்காச்சோளம் அவள் உடம்புக்கு ஆகாது. ஆறு வயதில் ஒரு பிறந்தநாள் விழாவில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, அதன்பின் பரிசோதனைகள் செய்து கண்டுபிடித்தார்கள்.

ஆகாது என்றால் தின்னாமல் இருந்தால் போயிற்று என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். கடற்கரையில் சுட்டு விற்கிற கதிரை விட்டுவிடலாம். சினிமாக் கொட்டகையில் பொரியை விட்டுவிடலாம். ஆனால் இந்தத் தானியம் கதிராக மட்டுமா வருகிறது? கஸ்டர்டு பவுடரில் பெரும்பகுதி அதுதான். பேக்கிங் பவுடரில் அது. கடையில் விற்கும் ஐஸிங் சர்க்கரை கட்டி தட்டாமல் இருப்பது பெரும்பாலும் அதனால்தான். பாம்பே அல்வா என்று கண்ணாடி மாதிரி பளபளப்பது அது. கோபி மஞ்சூரியனின் மேல்தோல், ஹோட்டல் சூப்பின் கொழகொழப்பு, எத்தனையோ மாத்திரைகளைக் கெட்டியாக நிறுத்தி வைக்கிற மாவு, எல்லாம் அதுவாக இருக்கிறது. எங்கள் தூத்துக்குடி மக்ரூன் முந்திரிப் பருப்பும் முட்டை வெண்கருவும் சர்க்கரையும்தான், மாவே இல்லை. ஆனாலும், "சர்க்கரையை நீங்களே பொடிக்கிறீர்களா, பொடித்ததை வாங்குகிறீர்களா?" என்று கேட்ட பிறகுதான் அவளால் அதை வாயில் போட முடியும். உப்பு மட்டும் பயமில்லை. அமெரிக்காவில் அயோடின் சேர்த்த உப்பில், அயோடின் போய்விடாமல் இருக்க டெக்ஸ்ட்ரோஸ் சேர்ப்பதுண்டு. அங்கே அது பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்து வருவது. நம் நாட்டில் சேர்க்கும் அயோடேட்டுக்கு அந்தத் துணை வேண்டியதில்லை. எங்கள் உப்பளத்து உப்பைப் பற்றி நான் பெருமைப்பட இப்படி ஒரு காரணம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

உறையைப் படித்தால் தெரியாதா என்பீர்கள். 2020ஆம் ஆண்டு வந்த விதிகளின்படி கோதுமை வகைகள், இறால் நண்டு இனம், பால், முட்டை, மீன், கடலையும் கொட்டைகளும், சோயா, சல்பைட் ஆகியவை இருந்தால் உறையில் தனியாக அறிவிக்க வேண்டும். மக்காச்சோளம் அந்த வரிசையில் இல்லை. அமெரிக்காவிலும் அப்படி அறிவிக்க வேண்டியவை ஒன்பது, அவற்றிலும் இல்லை. இந்த ஒவ்வாமை அபூர்வமானது. அபூர்வமானவர்களுக்காக யார் எழுதிக்கொண்டிருப்பார்கள்?

நம்மிடம் 'பத்தியம்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்கு என்ன கௌரவம்! வைத்தியர் புளியைத் தள்ளச் சொல்லியிருக்கிறார் என்றால், வீட்டுக்காரி புளியில்லாமல் ஒரு ரசம் வைத்துக்கொண்டு வந்து நிற்பாள். சஷ்டி விரதம் என்றால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். 'ஒத்துக்கொள்ளாது' என்ற சொல்லுக்கு மட்டும் அந்தக் கௌரவம் கிடைப்பதில்லை. செல்லம் கொடுத்து வளர்த்ததன் கோளாறு என்று முகத்திலேயே எழுதி ஒட்டிவிடுவார்கள். "கொஞ்சந்தானே, பழகினால் சரியாகிவிடும்" என்பார்கள். "வெந்துவிட்டால் ஒன்றும் செய்யாது" என்பார்கள். மக்காச்சோளத்தில் உள்ள ஒரு புரதம் வெந்தாலும் தன் குணத்தை விடாதது என்று கண்டிருக்கிறார்கள். அடுப்பங்கரையில் நின்று புரதத்தைப் பற்றிப் பேச முடியுமா?

பழகினால் சரியாகும் என்று படித்தவர்களும் நம்பியதுண்டு. பிரெஞ்சுக்காரரான ரிஷே என்ற விஞ்ஞானி மொனாக்கோ அரசரின் கப்பலில் போனபோது கடல் பிராணிகளின் விஷத்தை ஆராயத் தொடங்கினார். பிறகு பாரிஸில், கடலனிமோன் என்னும் கடற்பிராணியின் விஷத்தைக் கொஞ்சமாக நாய்களுக்கு ஊசி போட்டார். உடம்பு பழகிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தார். சில வாரம் கழித்து மறுபடி போட்டபோது, நன்றாக இருந்த நாய் அரை மணிக்குள் செத்தது. 1902இல் அவரும் போர்ட்டியேயும் வெளியிட்ட இந்தச் செய்திக்காக ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார். 'அலர்ஜி' என்ற சொல்லை வியன்னாவில் பிர்க்கே என்ற மருத்துவர் உண்டாக்கியது 1906இல். எங்கள் ஊரில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய அதே வருஷம். இன்று சில ஒவ்வாமைகளுக்கு மருத்துவர்கள் பக்கத்திலேயே இருந்து, எள்ளத்தனை எள்ளத்தனையாகக் கொடுத்துப் பழக்கத்தான் செய்கிறார்கள். அது மருத்துவர் கையில் நடப்பது. பந்தியில் நடப்பதல்ல.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு நான் செய்ததைத்தான் சொல்ல வேண்டும்.

அவளுக்குப் பதினொரு வயது. தூத்துக்குடியில், பனிமய மாதா கோயில் மணி கேட்கிற தெருவில் என் அத்தை ஒருத்தி தனியாக இருந்தாள். எழுபது வயது. நாங்கள் வருகிறோம் என்று விடியற்காலையிலேயே மீன் வாங்கி வைத்திருந்தாள். "மாமா நீ கேட்டுக்கொள், நான் கேட்டால் அத்தை வருத்தப்படும்" என்று தங்கை என்னிடம் பொறுப்பை ஒப்படைத்தாள். முந்தின மாதம் ஒரு கல்யாண வீட்டில் கேட்டுவிட்டு, 'விஷம் வைத்திருப்போம் என்று நினைக்கிறாள்' என்ற பேச்சை வாங்கியிருந்தாள் அவள்.

நான் அடுப்பங்கரைக்குப் போனேன். அத்தை சீலா மீன் துண்டங்களில் மசாலா தடவிக்கொண்டிருந்தாள். நான் கேட்பதற்கு முன்பே அவளாகச் சொன்னாள்: "ஒரு கரண்டி சோள மாவும் போட்டிருக்கேன்யா. டிவியில காட்டுனான். மொறுமொறுன்னு இருக்கும்லா."

சோள மாவு. என் பாட்டன் காலத்திலிருந்து கரிசல் காட்டில் சோளம் என்றால் வெள்ளைச் சோளம். கூழும் சோறுமாகத் தின்றது. அதை என் தங்கை மகள் தாராளமாகச் சாப்பிடுவாள். மக்காச்சோளம் வேறு, பெயரில் மக்கா இருந்தாலும் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்தது. இன்று விளாத்திகுளம், புதூர்ப் பக்கமெல்லாம் அதைத்தான் விதைக்கிறார்கள், பெரும்பாலும் கோழித் தீவனத்துக்காக. கடையில் விற்கிற கார்ன்ஃப்ளாரையும் எல்லோரும் சோள மாவு என்றுதான் சொல்கிறார்கள். மீன் வறுவலுக்கு வெள்ளைச் சோள மாவை யாரும் போடுவதில்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் 'சோளந்தானே சொன்னாள், மக்காச்சோளம் என்று சொல்லவில்லையே' என்று ஒரு எண்ணம் எழுந்தது. அதை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். சொற்களை வைத்துப் பிழைக்கிறவனுக்கு இந்த வித்தை சுலபம். அத்தை மூன்று மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"மாமா, ஆச்சிகிட்ட கேட்டுட்டீங்களா?"

"கேட்டேன். ஒண்ணுமில்ல, சாப்பிடு."

பத்து நிமிஷத்தில் இருமல் வந்தது. பிறகு உதடு, கண் இமை, பிறகு மூச்சு. ஆட்டோவில் என் மடியில் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் அட்ரினலின் ஊசி போட்டதும் மூச்சு திரும்பியது. ஒரு இரவு வைத்திருந்தார்கள். என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். "மீனில் மக்காச்சோள மாவு இருந்தது" என்றேன். கட்டிலில் அவள் கண்ணை மூடியிருந்தாள், தூங்கவில்லை.

இந்தக் கடற்கரையில் முத்துக் குளிப்பு பெரிய அளவில் நடந்தது 1961உடன் முடிந்தது. குளிப்பவன் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்குவான். மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருக்க வேண்டும், தன் அக்காள் தங்கையின் தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்று இங்கே சொல்வார்கள். மூச்சு முட்டும்போது கீழே இருப்பவன் கயிற்றை அசைப்பான். அப்படி அசைப்பது மைத்துனன் மேல் சந்தேகப்படுவது என்று யாராவது நினைப்பார்களா? "கேட்டுட்டீங்களா மாமா" என்று அவள் அசைத்தபோது கயிறு என் கையில்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அத்தைக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. வயதானவள், மனசு உடைந்து போவாள் என்று பேசிக்கொண்டோம். அது எனக்கும் வசதியாக இருந்தது. அத்தை தானாகவே ஒரு முடிவுக்கு வந்தாள்: மீன் கெட்டுப்போயிருந்தது. பதினெட்டு வருஷமாக வாசலில் கூடையை இறக்கிய மீன்காரம்மாவை அன்றோடு நிறுத்தினாள். தெருவில் இன்னும் இரண்டு வீடுகளும் நிறுத்தின. நான்கு மாதம் கழித்து நான் போனபோது, இதை அவள் ஒரு புத்திசாலித்தனமாக என்னிடம் சொன்னாள். அப்போதுதான் வாயைத் திறந்தேன்.

அத்தை என்னைத் திட்டவில்லை. ரொம்ப நேரம் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். "பிள்ளைகிட்ட சொன்னியா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியும் என்றேன். "மீன்காரிகிட்ட?" என்றாள்.

மறுநாள் காலை திரேஸ்புரத்துக்குப் போய் அந்த அம்மாளைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். கூடையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்த அக்கா என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா ஐயா" என்றாள். விருந்துக்காரியிடம் கேட்பது மரியாதையா என்று தொடங்கினேனே, அந்தக் கேள்வியை அவள் திருப்பிப் போட்டுவிட்டது எனக்கு வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது.

அத்தை வீட்டுக்கு அவள் மறுபடி வர ஒரு வருஷம் ஆயிற்று. அன்று சமையல் தொடங்கவே இல்லை. அடுப்பங்கரையிலிருந்த பொட்டலம், டப்பா, புட்டி எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி வைத்துவிட்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி அத்தை ஓரமாக நின்றாள். என் தங்கை மகள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, பொடி எழுத்தைப் படித்து, வலப்பக்கம் இடப்பக்கம் என்று பிரித்து வைத்தாள். இடப்பக்கம் போனது நான்கு. அவற்றை அத்தை பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். புதுச் சட்டி வாங்கி வைத்திருந்தாள். பச்சரிசி மாவில் மீனைப் புரட்டி வறுத்தாள். "ஆச்சி, எண்ணெய் புதுசா?" என்று கேட்டாள் குழந்தை. "இப்பத்தான் உடைச்சேன், வந்து பாரு" என்றாள் அத்தை.

இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். போகிற இடத்தில் எல்லாம் தானே அடுப்பங்கரைக்குப் போய்க் கேட்கிறாள். என்னிடம் அவளுக்குக் கோபம் ஒன்றுமில்லை. மாமா மாமா என்று பிரியமாகத்தான் இருக்கிறாள். என்னைக் கேட்டு வரச் சொல்வது மட்டும் இல்லை.