கலா ஓயாவின் இரு கரைகள்

இயற்கையை நேசிப்பவன் நல்லவன் என்பது நம்மிடையே ஆராயாமலே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்ட கருத்து. மானையும் மயிலையும் காண விடியுமுன் எழுந்து செல்பவனிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஆயினும் அவனுடைய நேசம் எந்த எல்லைக் கல்லோடு நின்றுவிடுகிறது என்று ஒருமுறையேனும் கேட்கத்தான் வேண்டும். அதைக் கேட்பதற்குப் புத்தளத்துக் கரையைவிடப் பொருத்தமான இடம் இலங்கையில் வேறில்லை என்பது என் எண்ணம்.

புத்தளத்திலிருந்து வடக்கே யாழ்ப்பாணம் வரை கரையோர நிலத்துக்கு அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். ஒரு கோடி ஆண்டுக்கும் முன்னர், ஆழங்குறைந்த கடலின் அடியில் சிப்பியும் பவளமும் படிந்து இறுகிப் பாறையான கல் அது. அந்தக் கரையை ஒட்டி விரிந்து கிடக்கிறது வில்பத்து வனம். 1905இல் சரணாலயமாகவும், 1938இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 1,300 சதுர கிலோமீற்றர். இங்கே வருபவர் மலையைத் தேட வேண்டாம். குதிரைமலை என்று பெருமையாகப் பெயர் பெற்றதுகூடக் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு செம்மண் மேடுதான். மலைக்கு ஈடாக இக்காட்டில் இருப்பவை வில்லுகள். மாரி மழையில் நிரம்பிக் கோடையில் மெல்லச் சுருங்கும் இயற்கைக் குளங்கள் அவை. சிலவற்றின் நீர் நன்னீர், சிலவற்றில் உவர்ப்பு. கோடை முற்றியதும் யானையும் மானும் அவற்றின் கரைக்கு வருகின்றன. மானைத் தொடர்ந்து சிறுத்தை வருகிறது. பாலை பழுக்கும் நாட்களில் கரடி மரமேறிப் பழம் தின்னும். அக்காட்சியைக் கண்டவன் எளிதில் மறக்கமாட்டான்.

ஆனால் இக்காட்டில் நடப்பதற்கு அனுமதியில்லை. குறித்த சில இடங்களில் அன்றி ஜீப்பிலிருந்து இறங்கக்கூடாது. விதி நியாயமானதே. எனினும் வாகனத்தில் இருந்தவாறே காட்டைப் பார்ப்பவனுக்கு, இது ஆதிமுதல் மனிதன் காலடி படாத நிலம் என்ற மயக்கம் உண்டாகிவிடுகிறது. பூங்காவுக்குள்ளேயே இருக்கும் பொன்பரிப்பில் தாழிகளில் இறந்தோரை அடக்கம் செய்த பழைய இடுகாடு ஒன்று உண்டு. 1956இலும் 1970இலும் அங்கே அகழாய்வு நடந்தது; ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு அறிஞர்கள் அதனை ஒப்பிட்டார்கள். ஆக, சிறுத்தை உலாவும் அம்மண்ணில் மனிதரும் வாழ்ந்து, தம் இறந்தோரைப் புதைத்து வைத்திருக்கிறார்கள்.

பூங்காவின் தென்னெல்லை கலா ஓயா. ஆற்றைக் கடந்து தெற்கே வந்தால் அருவக்காடு. பாறை என்னவோ அதே கடலில் படிந்த பாறைதான். ஆனால் இக்கரையில் அதற்கு வெடி வைக்கிறார்கள். இங்கே வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் பாலாவி ஆலைக்குப் போய்ச் சீமெந்தாகிறது. அச்சீமெந்தால் எழுந்த வீடுகளில்தான் நாம் குடியிருக்கிறோம்; இதைப் படிக்கும் மாணவரின் வகுப்பறைச் சுவரிலும் அந்தக் கல் இருக்கக்கூடும். ஆகையால் சீமெந்தே வேண்டாம் என்று சொல்ல நான் முன்வரவில்லை. ஆனால் தோண்டிய பள்ளத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி கொழும்பு மீத்தொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து ஏழைகளின் வீடுகளை மூடியது. 32 பேர் மாண்டனர். தலைநகரின் குப்பையை இனி எங்கே கொண்டுபோவது என்று தேடியவர்களின் பார்வை, ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இந்தக் கற்குழிகளில் வந்து விழுந்தது. அடியில் நீர் கசியாத விரிப்பு இடப்படும் என்றார்கள். சுண்ணாம்புப் பாறையோ நீரைத் தாங்கி நிற்பதில்லை. பிளவுகளின் வழியே உள்ளே விட்டுவிடுகிறது. கிணற்று நீரையும் களப்பு மீனையும் நம்பி வாழும் புத்தளத்து மக்கள் மாதக்கணக்கில் வீதியில் இருந்து எதிர்த்தார்கள். அப்படியிருந்தும் 2019இல் குப்பை வந்து சேர்ந்தது. நுரைச்சோலையின் நிலக்கரிப் புகையை ஏற்கெனவே சுவாசித்துக்கொண்டிருந்த மாவட்டம் இது.

காப்பகத்தின் எல்லைக்கோட்டுக்கு இரண்டு முகம் உண்டு. உள்ளே இருப்பதைக் காப்பாற்றுகிறது என்பதை எல்லோரும் அறிவோம். வெளியே இருப்பதை விலை பேசவும் அதே கோடு அனுமதி கொடுத்துவிடுகிறது. "ஒரு பெருங்காட்டைக் காத்துவிட்டோம்" என்ற மனநிறைவு, மற்ற நிலத்தின் கதியை நினையாதிருக்க நமக்கு உதவுகிறது. சனிக்கிழமை வில்லின் கரையில் மெய்ம்மறந்து நிற்கும் நகரவாசியின் திங்கட்கிழமைக் குப்பைதான் ஆற்றுக்கு இப்பால் வந்து விழுகிறது. அவன் கெட்டவன் அல்லன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய அவசியம் அவனுக்கு நேராதபடி கோடு போடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு கதையும் இதோடு பின்னிக் கிடக்கிறது, பேசச் சங்கடமானது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். 70,000 பேருக்கு மேற்பட்ட அம்மக்களில் பெரும்பாலோர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் கொட்டில்களில் இருபது ஆண்டு காலம் கழித்தார்கள். போர் முடிந்தபின் முசலிப் பகுதிக்குத் திரும்பியபோது அவர்களுடைய ஊர்களைக் காடு மூடியிருந்தது. வில்பத்துவின் வடக்கெல்லைக்கு அப்பால் அரச வனத்தை வெட்டி அவர்களைக் குடியேற்றியது சட்டவிரோதம், அழித்த காட்டை மீண்டும் வளர்க்க வேண்டும் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காடு வளரட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. வயிறு முதலில், சிறுத்தை பிறகு என்று சொல்லும் நம் தோழர் சிலரோடும் நான் உடன்படவில்லை. காடு அழிந்தால் முதலில் நீரின்றித் தவிப்பவன் ஏழை உழவனே. ஆனால் வில்பத்துவுக்காகக் கொதித்தெழுந்த குரல்களுள் எத்தனை, அந்த மனிதர் சட்டத்தின்படி எங்கே வாழலாம் என்றும் சேர்த்துக் கேட்டன? அனுமதிப் பத்திரம் வைத்துக்கொண்டு பாறையைத் தோண்டுபவனுக்கு அபிவிருத்தியாளன் என்று பெயர். பத்திரத்தைக் காலம் தின்றுவிட்ட குடியானவனுக்கு ஆக்கிரமிப்பாளன் என்று பெயர்.

ஆண்டுதோறும் மாணவரை வில்பத்துவுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அழைத்துச் செல்லட்டும், சிறுத்தையைக் காணும் உரிமை ஏழைப் பிள்ளைக்கும் உண்டு. திரும்பும் வழியில் வண்ணாத்திவில்லுவில் பஸ்ஸைச் சற்று நிறுத்தி, மேற்கே சேரக்குளிப் பக்கமும் போய் வரலாம். அங்குள்ள மீனவரிடம் குப்பையைப் பற்றியும் கிணற்று நீரைப் பற்றியும் பிள்ளைகளே கேட்கட்டும். ஆசிரியர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.