தெய்வமா, தீண்டத்தகாதவரா?

உயிர்கொல்லும் தொற்றுநோயின் அருகே நின்று பணிபுரியும் செவிலி அஞ்சலாமா? அஞ்சினால் அது கோழைத்தனமா? "அவர்கள் தெய்வங்கள், அஞ்சமாட்டார்கள்" என்று மேடைதோறும் முழங்குகின்றனர். அந்தத் தெய்வப் பட்டம்தான் நம்மை ஐயுற வைக்கிறது.

2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியில் நிபா வைரஸ் பரவியது. தடுப்பூசியும் இல்லை, தனி மருந்தும் இல்லை. அரசுக் கணக்கின்படியே 17 பேர் மாண்டனர். பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில், நோயின் பெயரே தெரியாத நாளில், முதல் நோயாளிகளைப் பேணிய செவிலி லினி, தாமும் தொற்றுக்கு ஆளாகி மே 21 அன்று மறைந்தார். இரு குழந்தைகளின் தாய். நாடே அவரைப் போற்றியது. அதே நாட்களில், அதே மருத்துவமனையின் மற்றச் செவிலியரோ, பேருந்தில் அருகே அமர ஆளின்றி, ஏற்றிச் செல்ல ஆட்டோவின்றி ஒதுக்கப்பட்டனர். இறந்தவர் தெய்வம், இருப்பவர் தீண்டத்தகாதவர்!

நமக்கு இது புதிதன்று. பெரியம்மை கண்டால் "ஆத்தாள் வந்திருக்கிறாள்" என்று வாசலில் வேப்பிலை செருகிய வீடுகள் நம் கரிசல் காட்டில் எத்தனை! உலகில் பெரியம்மை ஒழிந்ததென்று 1980-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்ததே, ஒழித்தது ஆத்தாளுக்கு ஊற்றிய கூழா, அம்மைத் தடுப்பூசியா? அன்று நோயைத் தெய்வமாக்கினோம்; இன்று நோயாளியைப் பேணுபவரைத் தெய்வமாக்குகிறோம். இரண்டிலும் வசதி ஒன்றே. தெய்வத்திற்குப் படையல் போதும். முகக்கவசமும் மாதச் சம்பளமும் தர வேண்டியதில்லை.

கொரோனாக் காலத்தில் பணியாற்றிய கடம்பூர்ச் செவிலியக்கா ஒருவரிடம் இதைக் கேட்டோம். "பயமில்லை என்று யார் சொன்னது, தம்பி? பயந்ததனால்தான் கையுறையைக்கூடப் பார்த்துப் பார்த்துக் கழற்றினேன். பயமே இல்லாத பிள்ளைகளை வார்டுக்குள் விடத்தான் எங்களுக்குப் பயம்" என்றார்.

கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலையில் மருந்து முக்கும் தொழிலாளிக்கு இது விளங்கும். நெருப்பின் இயல்பை அறிந்தவர் நெருப்புக்கு அஞ்சுகிறார்; அஞ்சாதே என்று அவரிடம் சொல்பவர் பெரும்பாலும் முதலாளியாகவே இருப்பார். செவிலியின் அச்சமும் அத்தகையதே. அது அறிவிலே பிறந்தது, ஆகவே கவசம் கேட்கிறது. பேருந்தில் விலகியவரின் அச்சம் அறியாமையிலே பிறந்தது, ஆகவே ஆளை விரட்டுகிறது. அவரையும் முற்றிலும் பழிக்க நமக்கு மனமில்லை. நிபா எவ்வாறு தொற்றும், எவ்வாறு தொற்றாது என்று அவருக்கு விளங்கும்படி எடுத்துரைத்தவர் எத்தனை பேர்?

தவிர்க்கமுடியாத இடரை ஏற்பது செவிலியின் கடமை என்போமாயின், தவிர்க்கக்கூடிய இடரை நீக்குவது யார் கடமை? 2020 மார்ச் 22-இல் கைதட்டினார்கள். ஏப்ரல் 5-இல் விளக்கேற்றினார்கள். மே 3-இல் மருத்துவமனைகள்மீது ஹெலிகாப்டரிலிருந்து மலர் தூவினார்கள். தமிழகத்தில் அந்தப் பெருந்தொற்றுக் காலத்தில் ஒப்பந்த முறையில் பணிக்கெடுத்த செவிலியரில் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோரை, 2022 டிசம்பர் 31-உடன் பணி முடிந்ததென்று அனுப்பியது அரசு. அவர்கள் தெருவிலே நின்று போராடினர். பிறகே மாற்றுப்பணி பேசப்பட்டது. நம் இயக்கவழி வந்த ஆட்சி என்பதற்காக இதைச் சொல்லாமல் விட்டால் பகுத்தறிவென்று பேச நமக்கு வாயில்லை.

ஹெலிகாப்டருக்கு ஊற்றிய எண்ணெயின் விலையில் எத்தனை கையுறை வாங்கலாம் என்று அக்கா கேட்டார். நாம் கணக்கு வாத்தியார் அல்லோம். விடை சொல்ல இயலவில்லை.