மட்டம் தட்டுதல்

கோணல் இல்லாத மரம் கிடையாது. மரக்காலையில் அறுத்து அடுக்கிய பலகை, முதிரையாக இருந்தாலும் தேக்காக இருந்தாலும், காயக் காய ஒரு பக்கம் குழியும். ஒரு மூலை எழும்பும். சிலவேளை முழுப் பலகையுமே முறுக்கிக்கொண்டு கிடக்கும். மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. வளையங்களின் போக்கில் அது சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கோணலுக்கு முதற் காரணம் இதுதான். மரத்தின் கெட்ட புத்தியல்ல. இதை நேராக்க நமது ஓடாவிமார் ஒரு சீவுளியும் இரண்டு நேர்ச்சட்டங்களும் ஒற்றைக் கண்ணுமாகக் காலங்காலமாக உழைத்து வந்திருக்கிறார்கள். ஸக்கரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. அவர்களும் ஒரு பலகையை இப்படிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்திருப்பார்கள் என்று நினைப்பதில் எனக்கொரு சந்தோஷம்.

இப்போது அந்த வேலையைக் கணினியின் சொற்கேட்டு நடக்கும் சி.என்.சி. ரவுட்டர் இயந்திரம் செய்கிறது. எங்கள் ஊர்ப் பட்டறையொன்றில் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். முதலில் இயந்திரம் தன் மேசையின் மேலுள்ள பலியாள் பலகையைத் தானே சீவி மட்டமாக்கிக்கொள்கிறது. அதாவது, இனி வரும் மரமெல்லாம் எதைக் கொண்டு அளக்கப்படுமோ, அந்த அளவுகோலை அதே கத்திதான் தயாரிக்கிறது. கத்தி சற்றுச் சரிந்து நின்றால் மேசையும் அதற்கேற்பச் சரியாமல் இருக்குமா? பிறகு கரடான பலகையை வைத்து, ஆடும் மூலைகளுக்கு அடியில் சிறு ஆப்புகள் செருகி, பக்கங்களை இறுக்குகிறார்கள். பலகையின் ஆக உயர்ந்த இடத்தில் கத்தியின் உயரத்தைக் குறித்துவிட்டு, ஓட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ மில்லிமீற்றர் இறக்கி இறக்கிச் சீவ விடுகிறார்கள். ஒரு முகம் மட்டமானதும் புரட்டிப்போட்டு மறுமுகம்.

முதல் ஓட்டத்தின் சத்தம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. கத்தி ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், வயலை உழுவது போலக் கோடு கோடாகப் போய்வருகிறது. ஆனால் சத்தம் ஒன்றல்ல. மேடான இடத்தில் அலறுகிறது, தூள் பறக்கிறது. பள்ளமான இடத்தில் வெறுங் காற்றை வெட்டிக்கொண்டு மெல்ல இரைந்தபடி கடந்துபோகிறது. இயந்திரத்தைக் கேட்டால் தான் எல்லா இடத்தையும் ஒன்றாகவே நடத்தியதாகத்தான் சொல்லும். அது பொய்யுமல்ல. ஓரிடம் ஐந்து மில்லிமீற்றர் இழந்திருக்கும், இன்னோரிடம் எதையுமே இழந்திருக்காது.

2020 ஏப்ரலில் கொவிட் மரணங்கள் யாவும் கட்டாயம் எரிக்கப்பட வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. எல்லோருக்கும் ஒரே விதி. இன, மத பேதம் அதில் ஒரு சொல்லிலும் இருக்கவில்லை. வழமையாகவே தகனம் செய்யும் வீட்டின் மேல் அது காற்றை வெட்டிக்கொண்டு போனது. நமது ஜனாஸாக்களின் மேல் வந்தபோது அலறியது. அடக்கம் செய்வதை வழமையாகக் கொண்ட கிறிஸ்தவ வீடுகளிலும் அந்த அலறல் கேட்டது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. 2021 பெப்ரவரி இறுதியில் விதி மாற்றப்பட்டு, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. இடையில் எரிந்தவற்றில் பிறந்து 20 நாளேயான ஒரு குழந்தையின் உடலும் இருந்தது.

நமது மொழிக்கு இந்த விஷயம் முன்பே தெரிந்திருக்கிறது போலும். மட்டம் என்றால் நேர்த்தி. மட்டம் என்றால் இழிவும்தான். ஒருவனை மட்டம் தட்டுகிறோம் என்று எந்த ஓடாவியையும் நினைக்காமலே சொல்கிறோம்.

ஆயினும் மட்டமே வேண்டாம் என்று சொல்லிவிட என்னால் முடியவில்லை. மட்டமில்லாத இரண்டு பலகைகள் பொருந்தா. ஆடுகிற மேசையில் பிள்ளை எழுதாது. தொழுகையில் இமாம் திரும்பி நின்று ஸஃப்பை நேராக்கச் சொல்கிறார், நேராக்குகிறோம். அங்கே சரிபார்ப்பது குதிகாலையும் தோளையும்தான். தலைகள் உயர்ந்தும் தாழ்ந்தும் நிற்க, யாரும் யாரையும் குனியச் சொல்வதில்லை. எந்த இடத்தில் மட்டம் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது, மட்டமாக்குவதற்கு முந்திய வேலை. அந்த வேலையைச் செய்ய இயந்திரத்துக்குத் தெரியாது. கோத்தாபய ராஜபக்ஷ 2021 ஒக்டோபரில் நியமித்த 'ஒரே நாடு, ஒரே சட்டம்' செயலணிக்கும் தெரிந்திருக்கவில்லை. அதன் தலைமை யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

சரி, மட்டம் என்பதை எப்படி அறிவது? ஜோசப் விட்வேர்த் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1840இல் கிளாஸ்கோவில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். இரண்டு உலோகத் தகடுகளை ஒன்றோடொன்று வைத்துத் தேய்த்துச் சரிபார்த்தால் அவை இடைவெளியின்றிப் பொருந்தும். ஆனால் ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் இருந்தாலும் அப்படித்தான் பொருந்தும். மூன்றாவது தகடொன்றைக் கொண்டுவந்து, மூன்றையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். மூன்றும் ஒவ்வொன்றோடும் பொருந்த வேண்டுமானால் மூன்றும் மட்டமாக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இருவர் ஒத்துப்போவது உண்மைக்குச் சாட்சியல்ல என்பதை இதைவிடத் தெளிவாக நான் எந்தத் தத்துவ நூலிலும் படித்ததில்லை. அரசாங்கமும் அது நியமித்த நிபுணர் குழுவும் அன்று அழகாகப் பொருந்தி நின்றன. அடக்கமும் செய்யலாம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் மூன்றாம் தகடாக மேசையிலேயே கிடந்தது. அதை எடுத்துப் பொருத்திப் பார்க்கத்தான் மனமில்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் இக்கட்டுரை நம்மவர்களுக்கு இனிப்பாகவே இருக்கும். ஆனால் பட்டறையில் இன்னொன்றும் பார்த்தேன். இயந்திரம் ஓடுமுன் மூத்த ஓடாவி ஒருவர் பலகையை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். கணுவை விட்டார். உளுத்த இடத்தை உளியால் தோண்டி எறிந்தார். பார்வைக்கு இரண்டும் கறுப்பு. கணு மரத்தின் உடம்பு, கிளை இருந்த இடம், உளுப்பு அப்படியல்ல.

1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நாம் உடனே, இது எங்கள் தனித்துவம், கத்தியைக் கொண்டுவராதே என்கிறோம். 12 வயதுகூட ஆகாத சிறுமியின் திருமணத்தைக் காதியின் அனுமதியோடு பதிய அந்தச் சட்டம் இடம் வைத்திருந்தது. காதியாக ஒரு பெண் அமர இடம் வைக்கவில்லை. இவற்றில் எது கணு, எது உளுப்பு? சீர்திருத்தம் பற்றி ஆராய 2009இல் நியமிக்கப்பட்ட குழு அறிக்கை கொடுத்தது 2018இல். ஒன்பது வருடம்! அதுவும் ஒரே குரலில் அல்ல, பிளவுபட்டு. பள்ளிவாசல் நிருவாகமும் உலமாக்களும் ஒன்றோடொன்று எவ்வளவு அழகாகப் பொருந்துகிறார்கள் என்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு விட்வேர்த்தின் ஞாபகம் வருகிறது. காதி நீதிமன்ற வாசலில் தாபரிப்புப் பணத்துக்காகக் கைக்குழந்தையோடு காத்து நிற்கும் பெண்ணை மூன்றாம் தகடாக யாரும் உள்ளே கூப்பிடுவதில்லை.

வெளியிலிருந்து வரும் கத்திக்குப் பயந்து உள்ளே இருக்கும் உளியையும் ஒளித்துவைப்பதா என்பதுதான் என் கேள்வி. பயம் நியாயமானது. 2020ஐப் பார்த்த எவரும் அதைப் பரிகசிக்க முடியாது. அந்தப் பெண்ணிடம் போய், நிலைமை சரியில்லை, கொஞ்சம் பொறு தங்கச்சி என்று சொல்லும்போது, நம் சத்தமும் மேடான இடத்தில் ஒன்றாகவும் பள்ளமான இடத்தில் இன்னொன்றாகவுமே கேட்கிறது.

அவசரத்தில் சிலர் முறுக்கிய பலகையை மேசையோடு அழுத்தி நெரித்து இறுக்கிவிட்டுச் சீவுவார்கள். சீவி முடிந்ததும் கண்ணாடிபோல இருக்கும். இறுக்கியைத் தளர்த்தியதும் பலகை எழும்பி, பழைய முறுக்குக்கே திரும்பிவிடும். அதனால்தான் அந்த மூத்தவர் ஆடும் மூலையை அழுத்தவிடாமல் ஆப்புச் செருகச் சொல்கிறார். இரண்டு முகத்திலும் ஏறத்தாழ ஒரே அளவு எடுக்கிறார். எடுத்த பிறகும் பலகையைக் காற்றோட்டமாகச் சில நாள் சாத்திவைத்து, அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, மறுபடியும் மெல்லியதாய் ஓர் ஓட்டம் விடுகிறார். பட்டறை முதலாளிக்கு இந்தத் தாமதம் பிடிப்பதில்லை. இருவரும் இதற்காக நாளாந்தம் சண்டை பிடிக்கிறார்கள்.