பட்டா நம்முடையது, மணல்மேடு யாருடையது?





கடலோர ஊர்களில் ஜமாஅத்துக்கு வரும் பஞ்சாயத்துகளில் இதுவும் ஒன்று. ஒருவர் பல வருடம் சஃபரில் உழைத்துச் சேர்த்த காசில் கடற்கரை மணல்மேட்டில் இடம் வாங்குகிறார். மேட்டைச் சமப்படுத்தி வீடு கட்ட நினைக்கிறார். பின்னால் குடியிருப்பவர்கள் தடுக்கிறார்கள். "என் பட்டா, என் காசு, தடுக்க நீங்கள் யார்?" என்று அவர் கேட்கிறார். மார்க்கம் என்ன சொல்கிறது?

ஹலாலான சொத்தின் உரிமையை மார்க்கம் மதிக்கிறது. உஸ்மானியர் ஆட்சியில் ஹனஃபி ஃபிக்ஹிலிருந்து தொகுக்கப்பட்ட 'மஜல்லா' சட்டத்தொகுப்பின் 1197ஆம் பிரிவு இதன் கருத்தைத் தெளிவாக்குகிறது: ஒருவர் தன் சொத்தில் செய்வதைத் தடுக்க முடியாது, பிறருக்குக் கடும் தீங்கு நேர்ந்தால் மட்டுமே தடுக்கலாம். காற்று மறைவதும் காட்சி மறைவதும் கடும் தீங்கல்ல என்கிறது 1201ஆம் பிரிவு.

ஆகவே எதிர்ப்பவர்களே, முதலில் உங்கள் நெஞ்சைக் கேளுங்கள். "அவர் வீடு நம் வீட்டைவிட உயர்ந்துவிடும்" என்பதுதான் உள்ளே இருக்கும் காரணமா? அது ஹஸத், பொறாமை. பொறாமைக்கு மனு எழுதிக் கையெழுத்து வாங்காதீர்கள்.

ஆனால் மேட்டையே வெட்டுவது வேறு விஷயம். 2004 டிசம்பர் 26 சுனாமியில், இலங்கையின் யால கடற்கரையில் செடிகொடி மூடிய மணற்குன்றுகள் அலையைத் தடுத்து நிறுத்தின. கடல் தெரிய வேண்டும் என்று குன்றை அகற்றியிருந்த ஒரு விடுதி அழிந்தது. அங்கே தங்க வந்தவர்கள் குன்றை வெட்டியவர்கள் அல்லர். மேட்டுக்கு அடியில் மழைநீர் தங்கி நிற்பதால்தான் பல கடலோரக் கிணறுகளில் நல்ல தண்ணீர் கிடைக்கிறது. நம் நாட்டின் 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் உயிர்ப்புள்ள மணற்குன்றுகளை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது.

நபி (ஸல்) அவர்கள் சொன்ன கப்பல் உவமை புகாரியில் பதிவாகியிருக்கிறது. கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் தண்ணீருக்காகத் தங்கள் பகுதியில்தான் ஓட்டை போட நினைத்தார்கள். அவர்களுடைய எண்ணம் கெட்டதல்ல. மேலே இருப்பவர்களுக்குத் தொல்லை தரக்கூடாது என்றுதான் எண்ணினார்கள். ஆனாலும் அவர்களைத் தடுக்காவிட்டால் எல்லோருமே மூழ்குவார்கள். சகோதரரே, அந்த மேடு ஊர் என்ற கப்பலின் அடிப்பலகை. பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் அதன் பாதுகாப்பு ஊருக்குச் சொந்தம்.

பொதுத் தீங்கைத் தடுக்கத் தனிநபர் தீங்கு ஏற்கப்படும் என்பது ஃபிக்ஹின் விதி. இதைச் சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விடக் கூடாது. நமக்காக ஒருவர் நஷ்டத்தைச் சுமக்கும்போது, நஷ்டம் அவருக்கு, பாதுகாப்பு நமக்கு என்பது நீதியல்ல. மேட்டுக்கு உள்புறம் அவருக்கு மாற்று இடம் தேடிக் கொடுங்கள். ஜமாஅத் முன்நின்று பேசட்டும். நாளை செல்வாக்குள்ளவர் அதே மேட்டில் கட்ட வந்தாலும் இதே பதிலைச் சொல்லுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் உரிமையில் நிதானத்தையும், அண்டை வீட்டார் விஷயத்தில் நீதியையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.