தகப்பனாருக்கு ஜகாத் கொடுக்கலாமா?

புதுவையிலிருந்து மரக்காணம் செல்லும் கடற்கரைச் சாலையில் உள்ளது கீழ்புத்துப்பட்டு. மழையால் உப்பள வேலை நின்றிருந்த நாளொன்றில், அங்கே ஒரு பெரியவரை நோய் விசாரிக்கச் சென்றிருந்தோம். ஆயுள் முழுதும் உப்பு வாரியவர். பக்கவாதத்தால் படுக்கையில் கிடக்கிறார். அவரைத் தூக்கி உட்கார வைப்பதும், கழுவித் துடைப்பதும், கஞ்சி புகட்டுவதும் மகள்தான். அதற்காகவே அவர் தம் உப்பளக் கூலியையும் விட்டுவிட்டார்.

சென்னையில் வசதியாக வாழும் மகன் வந்திருந்தார். நம்மைத் தனியே அழைத்து, "ஹஜ்ரத், இந்த வருஷ ஜகாத்தை அத்தாவுக்கே கொடுத்துவிடலாமா? அவரைவிட ஏழை யார்?" என்று கேட்டார்.

நல்லெண்ணத்தில் பிறந்த கேள்விதான். எனினும் கூடாது என்றே சொன்னோம். ஏழைப் பெற்றோரின் ஜீவனாம்சம் வசதியுள்ள பிள்ளையின் மீது கடமை. அக்கடமையை ஜகாத்தில் கழிப்பவர், ஏழைகளின் பங்கை எடுத்துத் தம் கடனை அடைத்தவராகிறார். இதில் நான்கு மத்ஹபுகளின் இமாம்களும் ஒன்றுபட்டுள்ளனர்.

"அரசாங்கப் பணமும் வருகிறதே!" என்றார். உண்மைதான். நம் மாநிலத்தில் 1962-இல் தொடங்கிய முதியோர் உதவித்தொகை, 2023 ஆகஸ்டில் மாதம் 1200 ரூபாயாயிற்று. நாளொன்றுக்கு 40 ரூபாய்! பிச்சையெடுத்த முதிய யூதர் ஒருவருக்கு கலீஃபா உமர் (ரலி) பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை வழங்கியதை இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) 'கிதாபுல் கராஜி'ல் பதிந்துள்ளார்கள். ஆகவே அரசு தருவது முதியவரின் உரிமை. ஆனால் அது பிள்ளையின் கடனை அடைத்துவிடுமா?

ஜீவனாம்சம் என்பது சோறும் துணியும் மட்டுமா? எழ இயலாதவருக்குப் பணிவிடை செய்பவரின் செலவும் அதில் அடங்கும் என்கின்றன ஃபிக்ஹு நூல்கள். பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் உணவு, உடை, உறைவிடத்துடன் மருத்துவக் கவனிப்பையும் சேர்த்தே சொல்கிறது.

அவ்வாறாயின் அந்தச் சகோதரி இழந்த கூலி யார் கணக்கில் சேரும்? "பெற்ற தகப்பனைப் பார்க்கக் கூலியா?" என்று முகம் சுளிப்போர் உண்டு. அது பாசத்துக்கு விலையன்று. பணிவிடைக்காக அவர் இழந்த சோறு. அயலாள் ஒருவரை அமர்த்தினால் மாதம் தவறாமல் கொடுப்போமல்லவா? வருமானமற்ற அவர்மீது பொருட்கடமை இல்லை. வசதியுள்ள சகோதரர்கள் மீதே அது உண்டு. ஏழைச் சகோதரிக்கு ஜகாத் கொடுக்கலாம், அதில் உறவைப் பேணும் நன்மையும் சேரும். எனினும் தகப்பனாரின் பணிவிடைச் செலவுக்கு அது ஈடாகாது.

பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23-ஆம் வசனம், பெற்றோரின் முதுமையைப் பிள்ளையின் அருகிலேயே நிகழ்வதாகப் பேசுகிறது. தொலைவில் இருப்போர், அருகில் இருப்பவரின் கைகளைத் தாங்கட்டும்.

மகன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தங்கச்சிக்கு மாசம் எவ்வளவு கூலி வந்தது, ஹஜ்ரத்?" என்றார். அதை அவரிடமே கேளுங்கள் என்றோம்.

முதியோரின் கடனை உயிருள்ளபோதே தீர்க்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.