நசிகேதனின் மூன்று இரவுகள்

சுந்தரவனத் தீவு ஒன்றிலிருந்து கொல்கத்தாவுக்குப் படிக்க வரும் ஓர் இளைஞனை எண்ணிப் பார்ப்போம். விடியும் முன்பே படகேறி ஆற்றைக் கடக்கிறான். கானிங் நிலையத்தில் ரயிலைப் பிடித்துச் சியால்தாவில் இறங்குகிறான். தோளில் ஒரு பை. பையினுள் நான்கு உடுப்புகள், அம்மா கட்டிக் கொடுத்த பொரிப் பொட்டலம், பள்ளியில் முதலாவதாகத் தேறியவன் என்று கூறும் சான்றிதழ். கல்லூரித் தெருவின் பழைய புத்தகக் கடைகளைக் கடந்து, பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஒரு கல்லூரியின் வாசலில் போய் நிற்கிறான்.

ஊரில் அவனை அறியாதவர் இல்லை. படகோட்டி அவனிடம் கூலி வாங்கத் தயங்குவார். தலைமையாசிரியர் அவனைக் காட்டிப் பிற மாணவரைக் கடிந்துகொள்வார். இங்கோ அவன் வருகைப் பதிவேட்டில் ஓர் எண். ஆசிரியர் ஆங்கிலத்தில் நடத்தும் பாடத்தில் பாதி விளங்கவில்லை. பக்கத்தில் அமர்ந்திருப்பவர்களும் தத்தம் பள்ளிகளில் முதல் மாணவர்களாக இருந்தவர்களே. முதல் தேர்வின் மதிப்பெண் பட்டியலை மேலிருந்து படித்துக்கொண்டு வருகிறான். அவனது எண் பட்டியலின் நடுவில் கிடக்கிறது. அன்றிரவு தொலைபேசியில் அம்மா கேட்கிறாள். “நன்றாக இருக்கிறேன்” என்கிறான். பேசி முடித்ததும், கானிங் செல்லும் முதல் வண்டி காலை எத்தனை மணிக்கு என்று யோசிக்கிறான்.

இந்த இளைஞன் கற்பனை. அவனது நிலை கற்பனையன்று. ஒவ்வோர் ஆண்டும் கல்லூரிகள் திறக்கும் காலத்தில், நம் நாட்டின் பெரிய பல்கலைக்கழகங்கள் அனைத்திலும் இத்தகைய இரவுகள் வருகின்றன. அவனை வருத்துவது பாடத்தின் கடினம் மட்டுமா? ‘முதல்வன்’ என்ற ஒற்றைச் சொல்லின்மீது அவன் தன்னைக் கட்டி வைத்திருந்தான். அச்சொல் பறிபோனதும், ‘அப்படியானால் நான் யார்?’ என்ற கேள்வி எழுகிறது. வேதாந்தம் முழுவதும் எந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததோ, அதே கேள்விதான் அவனது அறைக் கதவையும் தட்டுகிறது. ஆனால் அவன் அதை அறியவில்லை. தோல்வி என்று எண்ணிக் கலங்குகிறான்.

முதலும் நடுவும்

கடோபநிஷதத்தின் நசிகேதனும் ஒரு சிறுவனே. அவனுடைய தந்தை வேள்வி செய்து தானம் வழங்கினார். வழங்கியவை புல் மேய்வதையும் நீர் அருந்துவதையும் முடித்துக்கொண்ட கிழட்டுப் பசுக்கள். அதைக் கண்டபோது சிறுவனின் உள்ளத்தில் சிரத்தை புகுந்தது என்கிறது உபநிஷதம். ‘என்னை யாருக்குக் கொடுப்பீர்கள்?’ என்று அவன் மீண்டும் மீண்டும் கேட்க, ‘எமனுக்கு’ என்று சினத்தில் கூறிவிட்டார் தந்தை.

அந்தச் சொல்லைக் கேட்டதும் நசிகேதன் தன்னைப் பற்றி என்ன நினைத்தான் என்பது கவனிக்கத்தக்கது. பலரிடையே தான் முதலாவதாக இருப்பதையும், பலரிடையே நடுவில் இருப்பதையும் அவன் நினைத்துப் பார்க்கிறான். முதலிடத்தைச் சொல்லும்போது அவனிடம் செருக்கு இல்லை. நடுவிடத்தைச் சொல்லும்போது கூச்சமும் இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே அமைதியோடு எண்ணுகிறான். பிறகு, தான் ஆற்றவேண்டியது என்ன என்று சிந்திக்கிறான்.

இதுதான் சிரத்தை. ‘நானே எல்லாரிலும் சிறந்தவன்’ என்ற எண்ணம் சிரத்தை ஆகாது. அது பிறரது அளவைச் சார்ந்து நிற்பது. அருகில் இன்னொருவன் உயர்ந்ததும் சரிந்துவிடும். தனக்குள் அழியாத ஒன்று இருக்கிறது, அது மதிப்பெண்ணால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்ற உறுதியே சிரத்தை. அந்த உறுதி உள்ளவன் நடுவில் நிற்கும்போதும் சிறியவனாகிவிடுவதில்லை. நசிகேதனின் இந்தச் சிரத்தையையே சுவாமி விவேகானந்தர் நம் இளைஞர்களுக்கு மீண்டும் மீண்டும் சுட்டிக்காட்டினார்.

வரவேற்பில்லாத வாசல்

நசிகேதன் எமனின் இல்லத்தை அடைந்தபோது எமன் அங்கு இல்லை. மூன்று இரவுகள் உணவின்றிக் காத்திருந்தான். புதிய மாணவனின் முதல் வாரங்களும் இத்தகையவையே. அறிவைத் தேடி வருகிறான். அறிவின் தலைவன் வீட்டில் இல்லாததுபோல் தோன்றுகிறது. ஒரு சாளரத்தில் படிவம், மறு சாளரத்தில் கட்டணம், எங்கும் வரிசை. அவனது பெயரைச் சொல்லி அழைப்பார் ஒருவருமில்லை. நசிகேதன் செய்த அரிய செயல் ஒன்றே: அவன் திரும்பிப் போகவில்லை. வீரம் என்றால் பாய்ந்து செல்வது என்றே பலரும் எண்ணுகின்றனர். பசியோடு வாசலில் அமர்ந்திருப்பதும் வீரமே.

எனினும் உபநிஷதம் அந்த வீட்டாரை எளிதில் விட்டுவிடவில்லை. திரும்பி வந்த எமனிடம், விருந்தினன் நெருப்பைப் போன்றவன், அவனுக்கு முதலில் நீர் கொண்டு வர வேண்டும் என்று எடுத்துரைக்கப்படுகிறது. எவன் வீட்டில் விருந்தினன் பசித்திருக்கிறானோ, அவனது நல்வினைகள் யாவும் அழியும் என்றும் எச்சரிக்கப்படுகிறது. எமனே சிறுவனை வணங்கி மன்னிப்புக் கோருகிறான். மூத்த மாணவர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு இதே வாசலில் பசித்து அமர்ந்திருந்தவர்கள் அவர்கள். புதியவனுக்கு நீர் தருவதற்குப் பதில் அவனை இழிவுசெய்து மகிழும் ‘ராகிங்’ கொடுமையைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதிமுறைகளை வகுக்க நேர்ந்தது. அதே குழு புதிய மாணவரை வரவேற்று நெறிப்படுத்த 2019-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தபோது, அதற்குத் ‘தீக்ஷாரம்பம்’ என்று பெயரிட்டது. பெயர் பொருத்தமானதே, கல்வியின் முதல் நாள் ஒரு தீட்சை. ஆயினும் விதியும் திட்டமும் வாசலைத் திறந்துவைக்கவே முடியும். நீர் கொண்டு வருவதற்கு ஒரு மனிதன் வேண்டும்.

மூன்று வரங்கள்

மூன்று இரவுகளுக்கு ஈடாக மூன்று வரங்கள் கேட்கலாம் என்றான் எமன். நசிகேதன் கேட்ட வரிசையே ஒரு மாணவனுக்கு உரிய பாடத்திட்டம்.

முதல் வரம் தந்தைக்காக. அவரது சினம் தணிய வேண்டும். தான் திரும்பிச் செல்லும்போது அவர் தன்னை அடையாளம் கண்டு அன்போடு வரவேற்க வேண்டும். மெய்ஞ்ஞானத்தைக் கேட்கும் முன் வீட்டின் அமைதியை அவன் கேட்டான். நாம் கண்ட அந்த இளைஞனின் அச்சமும் இதுவேயன்றோ! முதலிடத்தை இழந்த மகனை வீடு ஏற்குமா என்ற கலக்கத்தினால்தான் அவன் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று மறைத்தான். மாணவன் செய்ய வேண்டிய முதல் தவம், வீட்டாரிடம் உண்மையைச் சொல்வது. பெற்றோர் செய்ய வேண்டிய முதல் தானம், மதிப்பெண் எதுவாயினும் ‘நீ எங்கள் பிள்ளை’ என்று சொல்வது. கிழட்டுப் பசுக்களைக் கொடுத்தவர் பிள்ளையையும் சினத்தில் கொடுத்துவிட்டார். அந்தப் பிழையைப் பெற்றோர் செய்யலாகாது. பிள்ளையின் குரலில் ஏதோ குறைகிறது என்று தோன்றினால், மறுநாளே புறப்பட்டுச் சென்று பார்ப்பதும் வழிபாடே.

இரண்டாவது வரம் அக்கினி வித்தை. எத்தகைய செங்கற்கள், எத்தனை, எப்படி அடுக்குவது என்று எமன் விளக்கினான். கேட்டதைக் கேட்டபடியே நசிகேதன் திருப்பிச் சொன்னான். மகிழ்ந்த எமன் அந்த அக்கினிக்கு அவனது பெயரையே சூட்டினான். பாடத்தைக் கவனமாகக் கேட்பது, விளங்காததை மறுமுறை கேட்பது, அன்றன்றே நினைவில் நிறுத்துவது ஆகிய இந்த எளிய ஒழுக்கத்தில் ஒருமுகப்பாடு வளர்கிறது. ஆங்கிலம் விளங்காத மாணவன் நாளொன்றுக்கு ஒரு செங்கல் வைத்தால் போதும். சில மாதங்களில் வேள்விக் குண்டம் எழுந்துவிடும். பெயரில்லாமல் வந்த நசிகேதனுக்கு அவனது கவனமே பெயர் வாங்கித் தந்தது.

மூன்றாவது வரமாக, மரணத்திற்குப் பின் எஞ்சுவது எது என்று கேட்டான். எமன் உடனே விடை கூறவில்லை. பொன்னும் யானைகளும், நெடிய வாழ்நாளும், தேரோடும் வாத்தியங்களோடும் கூடிய அழகியரும் தருகிறேன் என்று ஆசை காட்டினான். அவை நாளை வரைக்கும் நில்லாதவை, புலன்களின் ஆற்றலைத் தேய்ப்பவை என்று மறுத்தான் நசிகேதன். வீட்டின் கண்காணிப்பு நீங்கிய முதல் ஆண்டில் ஒவ்வொரு மாணவன் முன்னும் இந்தத் தட்டு நீட்டப்படுகிறது. இன்று அது கைபேசித் திரை வழியாகவும் வருகிறது. இனிமையானது பிரேயஸ், நன்மையானது சிரேயஸ். இரண்டும் மனிதனை நாடி வருகின்றன. யாரும் பார்க்காத இடத்தில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே குணம்.

நரேந்திரரின் கல்லூரி நாட்கள்

உபநிஷதச் சிறுவனைப் பற்றிக் கேட்பவர்கள், இந்தக் காலத்திற்கு இது பொருந்துமா என்று ஐயுறலாம். 1857 ஜனவரி 24-இல் நிறுவப்பட்ட கல்கத்தா பல்கலைக்கழகம் தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. அது மாணவனின் முகத்தைப் பார்த்ததில்லை, விடைத்தாளையே பார்த்தது. அதன் மாணவர்களுள் ஒருவர் நரேந்திரநாத் தத்தர்.

1879-இல் நுழைவுத் தேர்வில் நரேந்திரர் முதல் வகுப்பில் தேறினார். மறு ஆண்டு பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். மலேரியாக் காய்ச்சலால் வருகை குறைந்தது. அங்கிருந்து ஜெனரல் அசெம்பிளி கல்லூரிக்கு மாற நேர்ந்தது. 1881-இல் எழுதிய எஃப்.ஏ. தேர்விலும், 1884-இல் எழுதிய பி.ஏ. தேர்விலும் அவருக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்பே. பல்கலைக்கழகத்தின் பதிவேட்டில் விவேகானந்தர் நடுவில்தான் இருக்கிறார்!

அந்த ஆண்டுகளில் அவர் தேங்கிவிடவில்லை. பாட்டியின் வீட்டில் ஒரு சிறு அறையில் தனித்திருந்து படித்தார், தியானம் பழகினார், இசை கற்றார், மற்பயிற்சி செய்தார், ஹெர்பர்ட் ஸ்பென்சரின் கல்வி பற்றிய நூலை வங்காளத்தில் மொழிபெயர்த்தார். ஒருநாள் வகுப்பில் கல்லூரி முதல்வர் வில்லியம் ஹேஸ்டி, வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையை விளக்கும்போது பரவசநிலையைப் பற்றிப் பேசினார். அதை நேரில் காண விரும்புவோர் தட்சிணேஸ்வரத்தில் ஸ்ரீராமகிருஷ்ணரைப் பார்க்கலாம் என்றார். வகுப்பில் பலர் அதைக் கேட்டிருப்பர். பாடத்தோடு வந்த அந்தச் சொல்லை உள்ளே வாங்கிக்கொண்ட மாணவர் நரேந்திரர். கடவுளைக் கண்டதுண்டா என்று பெரியோர்களிடம் கேட்டுக்கொண்டிருந்த அவருக்கு, ‘ஆம், கண்டிருக்கிறேன்’ என்ற விடை தட்சிணேஸ்வரத்தில் கிடைத்தது. மூன்றாவது வரத்தைக் கேட்கும் துணிவு அவரிடம் இருந்தது. அந்தக் கேள்விக்கு வகுப்பு எண் தேவைப்படவில்லை.

1884-இல் தந்தை மறைந்தார். பட்டம் பெற்ற அந்த இளைஞர் வேலை தேடி அலுவலகம் அலுவலகமாக அலைந்தார், வீட்டில் பசி. பட்டம் அவரைக் காக்கவில்லை. சிரத்தை காத்தது.

முதல்வனுக்கும் ஒரு சொல்

பட்டியலின் உச்சியில் இருப்பவனுக்கும் உபநிஷதத்தில் இடமுண்டு. சுவேதகேது பன்னிரண்டு வயதில் குருகுலம் சென்று, இருபத்து நான்கு வயதில் எல்லா வேதங்களையும் கற்றுச் செருக்கோடு திரும்பினான். தந்தை உத்தாலகர் அவனைப் பாராட்டவில்லை. எதை அறிந்தால் கேளாததும் கேட்டதாகுமோ, அறியாததும் அறிந்ததாகுமோ, அதைக் கேட்டு அறிந்தாயா என்று வினவினார். அவன் அறிந்திருக்கவில்லை. பணிந்து கேட்டபோதுதான் அவனது உண்மையான கல்வி தொடங்கியது. முதலிடம் பறிபோனவனுக்குக் கல்லூரியின் முதல் மாதத்திலேயே கிடைத்துவிடும் பணிவு, முதலிடத்திலேயே இருந்தவனுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே வாய்த்தது. இவர்களுள் யார் பேறு பெற்றவன்?

சுந்தரவன இளைஞனிடம் மீண்டும் செல்வோம். காலை வண்டிக்கு இன்னும் சில மணி நேரம் இருக்கிறது. அவன் செய்யத்தக்கவை மூன்று. அம்மாவை அழைத்து, ‘கடினமாக இருக்கிறது’ என்று உள்ளதைச் சொல்லலாம். நேற்றைய பாடத்தில் விளங்காத ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு ஆசிரியரையோ அறைத்தோழனையோ நாடலாம். உறங்கும் முன் சிறிது நேரம் கண்மூடி அமர்ந்து, பட்டியலில் எந்த இடத்தில் நின்றாலும் மாறாத அந்த உட்பொருளை நினைக்கலாம். பாரம் தாங்க முடியாததாகத் தோன்றினால், தனியே சுமக்காமல் உடனே ஒருவரிடம் சொல்வதும் சிரத்தையே. நசிகேதனும் விடையைத் தனியே தேடவில்லை, கேட்டுத்தான் பெற்றான்.

இது அவனது முதல் இரவாகவோ இரண்டாம் இரவாகவோ இருக்கலாம். மூன்று இரவுகள் கழியட்டும். வீட்டுத் தலைவன் வந்துகொண்டிருக்கிறான். வாசலில் அமர்ந்திருக்கும் ஒவ்வோர் இளைஞனுக்கும் இளநங்கைக்கும் அன்னை ஸ்ரீசாரதாதேவி துணை நிற்பாராக! நம்மில் எவரேனும் அந்த வாசல் வழியே செல்ல நேர்ந்தால், கையில் ஒரு குவளை நீர் இருக்கட்டும்.