ஆதி ஒளியும் ஸ்ரீபாஷ்யமும்

உபயகாவேரி மத்தியில், திருவரங்கத்துக்கு அண்டையிலுள்ள திருவானைக்காவில் 1888-ல் பிறந்தவர் ஸர் சி. வி. ராமன். அவர் பெங்களூரில் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தார் 2020-ல் கர்நாடகத்து நீர்நிலைகளில் 'ஸாரஸ்' என்னும் ரேடியோக் கருவியைத் தெப்பம்போல் மிதக்கவிட்டனர். தரையில் வைத்தால் அடியிலுள்ள மண்ணும் பாறையும் அளவைக் கெடுக்கும். நீரோ ஒரே சீராயிருக்கும்.

அவர்கள் தேடியது யாது? வானத்தில் எத்திசையினின்றும் ஏறக்குறைய ஒரே அளவாய் நுண்ணலைக் கதிர் வந்துகொண்டிருக்கிறது. பென்ஸியாஸ், வில்ஸன் என்னும் இருவர் 1964-ல் அமெரிக்காவில் தம் கருவியின் நீங்காத இரைச்சலாக அதைக் கண்டனர். புறாக்களின் எச்சமே காரணமென்றெண்ணித் துடைத்தும் பார்த்தனர். அதன் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழ் சுமார் 270 டிகிரி செல்சியஸ். கொதிநிலையில், மூடுபனிபோல் ஒளி ஊடுருவாதிருந்த ஜகத்து, சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளில் ஆறித் தெளிந்தபோது வெளிப்பட்ட ஒளியே அது என்பர். முதல் நக்ஷத்திரங்களின் காலம் அவ்வொளியில் விட்ட சுவட்டைக் கண்டதாக 2018-ல் ஒரு குழுவினர் அறிவித்தனர். தங்கள் அளவுகளில் அது இல்லையென்று ஸாரஸ் குழுவினர் 2022-ல் வெளியிட்டனர்.

"ஸ்ருஷ்டி நிரூபணமாயிற்று, ஆகவே ஸ்ருஷ்டிகர்த்தாவும் நிரூபணமானான்" என்று ஆஸ்திகர் சிலர் மேடைகளில் மகிழ்வதுண்டு. இது தகுமா?

சாஸ்த்ரயோநித்வாதிகரணத்தில் எம்பெருமானார் இவ்வழியை அடைத்தே வைத்தார். குடத்தைக் கண்டு குயவனை அநுமானிப்பதுபோல் உலகைக் கண்டு ஈசுவரனை அநுமானிக்கலாம் என்பாரை அவர் மறுக்கிறார். பூமியும் கடலும் ஒரே காலத்தில், ஒருவனாலேயே ஆக்கப்பட்டன என்பதற்குப் பிரமாணம் ஏது? அப்படி அநுமானிக்கப்படுபவன் குயவனைப்போல் உடலுடையவனாய்க் கர்மவசப்பட்டவனாயன்றோ தேறுவான்? பரமனை அறிவிக்க சாஸ்திரமே பிரமாணம் என்பது அவர் திருவுள்ளம்.

எத்திசையிலும் ஒத்திருக்கும் இவ்வொளி, 'ஒரே காலத்தில்' என்பதற்கு இப்போது பிரமாணமாகாதோ எனின், ஓரளவு ஆகலாம். அதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. ஆயினும் 'ஒருவனாலேயே' என்பது அதிலிருந்து வாராது. மேலும் அவ்வொளி ஸந்நிதித் திரைபோன்றது. அதற்கு முந்தியதை எந்தத் தொலைநோக்கியின் ஒளியாலும் காண இயலாது. நம் ஸித்தாந்தத்திலோ ஸ்ருஷ்டி இல்லாததினின்று உண்டாவதன்று, ஸூக்ஷ்மமாயிருந்தது ஸ்தூலமாவதே. அதை அத்திரையில் தேடுவானேன்?

2018-ன் அறிவிப்பை பகவானுக்குச் சாக்ஷியாக நிறுத்தி ஒருவர் உபந்யஸித்திருந்தால், 2022-ல் அச்சாக்ஷி பிறழ்ந்தபோது, கேட்ட இளைஞர் கைவிடுவது அறிவிப்பையா, பகவானையா?